கைதி வீட்டில் தையல் சத்தம்

சித்திரைத் திருநாள் வந்துவிட்டால் சுற்றுப்பட்டு கிராமங்கள் அத்தனையும் ஸ்ரீரங்கத்துக்குள் இறங்கிவிடும். வேனில் ஒரு கூட்டம், டிராக்டரில் ஒரு கூட்டம், இரண்டும் கிடைக்காமல் நடந்தே வரும் கூட்டம் என்று காவிரிப் பாலம் திணறிக்கொண்டிருந்தது. அதன் நடுவில் சம்ரீனின் ஸ்கூட்டர் அசையாமல் நின்றது. பின்சீட்டில் இருதயநாதன் தன் பெருத்த உடம்பை ஒடுக்கி உட்கார்ந்துகொண்டு, வாயை மட்டும் ஒடுக்காமல் பேசிக்கொண்டே வந்தார்.

“மேடம், அந்தக் காலத்துத் திருடன் சுவர் ஏறணும், ஓடு பிரிக்கணும், நாய்க்கு பொறை வாங்கிப் போடணும். எவ்வளவு உழைப்பு! இப்ப உள்ளவன் கட்டில்ல படுத்துக்கிட்டே திருடுறான். தொழிலே கெட்டுப்போச்சு.”

“கெடல நாதண்ணே. கிளை பிரிஞ்சிருக்கு” என்றாள் சம்ரீன்.

ஒரு வங்கியில் மோசடிப் புகார்களைக் கவனிக்கும் பிரிவில் இருந்தவள் அவள். புகாரை வாங்கி ஃபைலில் போடுவதோடு வேலை முடிந்துவிடுகிறது என்று வெறுத்துப்போய் ராஜினாமா செய்தாள். பெரிய கடை வீதியில் ஒரு அத்தர் கடைக்கு மேலே துப்பறியும் அலுவலகம் திறந்தாள். உதவியாளாக வந்து சேர்ந்தவர்தான் மேலப்புதூர் இருதயநாதன். வயதில் அவளுக்கு அப்பா மாதிரி, பேச்சில் அவளுக்குத் தம்பி மாதிரி. ஒரு காலத்தில் ஊர் ஊராகப் போய் மேடையில் பலகுரல் செய்தவர்.

“என்னென்ன கிளை? சொல்லுங்க, பாலம் தாண்டுற வரைக்கும் பொழுது போகட்டும்.”

“கல்யாணப் பத்திரிகைன்னு போனுக்கு ஒண்ணு அனுப்புவான். ஆசையா தொட்டீங்கன்னா உங்க போன் அவன் கைக்குப் போயிடும். கரண்ட் பில் கட்டல, இன்னைக்கே கட் பண்றோம்னு மெசேஜ் போடுவான், பதறிப்போய் அவன் சொன்ன இடத்துல கட்டுவீங்க. படிச்ச பொண்ணோட படத்தை எடுத்து அசிங்கமா ஒட்டி மிரட்டுவான். இப்ப புதுசா, துபாய்ல இருக்கிற மகன் குரல்லயே ‘அம்மா, ஆக்சிடென்ட்’னு அழுவான். குரலைக் கம்ப்யூட்டர் செஞ்சிருக்கும்.”

“அது என் தொழில் மேடம்! என் வயித்துலயும் அடிச்சிட்டான் பாருங்க.”

சம்ரீன் சிரித்தாள். “வேஷம்தான் வேற வேற. நம்மள நின்னு யோசிக்க விடாம பண்றதுதான் எல்லாத்துக்கும் அடிப்படை. இன்னைக்கு நாம போறது, துணிக்கடைக்காரர் போன்ல புலம்புனாரே, அந்த டிஜிட்டல் கைது. போலீஸ் வேஷத்துல வீடியோ கால்ல வருவான். உங்க பேருக்கு வந்த பார்சல்ல போதைப்பொருள் இருக்கு, உங்களைக் கைது பண்ணிட்டோம், போனை அணைக்கக் கூடாது, கதவைத் திறக்கக் கூடாதும்பான். அப்படி ஒரு கைதே சட்டத்துல கிடையாது. ஆனா பயந்தவங்க சொந்த வீட்லயே சிறை இருப்பாங்க.”

“லாக்கப் வேணாம், விலங்கு வேணாம், சாப்பாடும் கைதி செலவு. கவர்மென்ட்டுக்குத் தெரிஞ்சா இதையே சட்டமாக்கிடும்.”

வண்டி நகர்ந்தது.

வடக்குச் சித்திரை வீதியில் காலைப் புறப்பாடு முடிந்து வெகுநேரமாகியும் கூட்டம் கலையவில்லை. ரெங்கராஜின் லைனிங் துணிக்கடை வாசலில் மொட்டையடித்த குடும்பம் ஒன்று நிழலுக்கு ஒதுங்கி நின்றது. அவர்களைவிட அதிகமாக வேர்த்துப்போய் ரெங்கராஜ் ஓடிவந்தார். மனைவி அழகம்மாள் மாடியில் ஜாக்கெட் தைப்பவர். அந்த வீதியில் அவரிடம் அளவு கொடுக்காத பெண்ணும் கிடையாது, திட்டு வாங்காத பெண்ணும் கிடையாது.

“காலையில கதவைச் சாத்துனவ இன்னும் திறக்கல மேடம். சாவித் துவாரத்துல பார்த்தேன். நூல்பெட்டிமேல போன் சாய்ச்சு வச்சிருக்கா. அதுல ஒருத்தன் காக்கிச் சட்டையில உட்கார்ந்திருக்கான். இவ அவனை ‘சார், சார்’ங்கிறா!” ரெங்கராஜ் வேர்வையைத் துடைத்துக்கொண்டார். “கல்யாணம் ஆனதுலேருந்து அவ யாரையும் சார்னு கூப்பிட்டு நான் கேட்டதில்ல. எங்கப்பாவையே யோவ்னுதான் கூப்பிட்டா.”

“கேஸ் முத்திப்போச்சு மேடம்” என்றார் இருதயநாதன்.

மூவரும் சத்தமில்லாமல் மாடி ஏறினார்கள். கதவருகே போனதும் சம்ரீன் கையைக் காட்டி நிறுத்தினாள். உள்ளே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சீராக ஓடும், ஓரிடத்தில் நிற்கும், துணியைத் திருப்பும் இடைவெளி விட்டு மறுபடி ஓடும். நடுவில் அழகம்மாளின் குரல் கேட்டது.

“சார், நீங்க சாப்பிட்டீங்களா சார்?”

ஓர் ஆண் குரல் அரைகுறைத் தமிழில் அதட்டியது. “கேள்வி நான் கேக்கும்! நீ பதில் மட்டும் சொல்லும்!”

“சரிங்க சார். மூஞ்சி வாடியிருக்கேன்னு கேட்டேன் சார்.”

மெஷின் மறுபடி ஓடியது. சம்ரீனின் புருவம் மேலேறியது. ரெங்கராஜை இழுத்துக்கொண்டு படியில் இறங்கி வந்து கேட்டாள். “பேங்க் மெசேஜ் ஏதும் வந்துச்சா?”

“இல்ல மேடம். அவ அக்கவுன்ட்டுக்கு என் நம்பர்தான். ஒண்ணும் போகல.”

“காலையிலேருந்து பிடிச்சு வச்சும் ஒண்ணும் போகல. கை நடுங்குறவங்க ஊசிக்குக் கீழ விரலைக் கொடுத்து கழுத்துப்பட்டி தைக்க முடியாது. அந்த மெஷின் ஒரு தடவைகூட தடுமாறல. நாதண்ணே, எனக்கு என்னமோ...”

நாதண்ணே அங்கே இல்லை.

கதையின் இந்த இடத்தில் இருதயநாதனுக்காகக் கொஞ்சம் பரிந்து பேச வேண்டியிருக்கிறது. அவர் கெட்ட எண்ணத்தில் எதையும் செய்யவில்லை. ஒரு பெண்பிள்ளையை ஒரு பொறுக்கி மிரட்டுவதைக் காதால் கேட்டார், ரத்தம் கொதித்தது. வந்த வழியில் கடையின் கல்லா மேஜைக்குக் கீழே வைஃபை பெட்டி பச்சை விளக்கோடு மின்னியதைப் பார்த்து வைத்திருந்தார். மாடி அறையில் டவர் கிடைக்காது என்று ரெங்கராஜ் புலம்பியதும் நினைவிருந்தது. ஆக, தன் வாழ்நாளில் ஒரு தடவையாவது மேடத்தை முந்திக்கொண்டு கேஸை முடித்துவிடலாம் என்று நேராகக் கீழே போய் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். கையில் ஒயரோடு வெற்றிப் புன்னகை பூத்து நிமிர்ந்தார்.

மேலே தையல் சத்தம் நின்றது.

அடுத்த நிமிடம் மாடிக் கதவு படாரென்று திறந்தது. கழுத்தில் அளவு டேப்பும் கையில் பெரிய கத்திரிக்கோலுமாக அழகம்மாள் படியில் நின்றார்.

“எந்தப் பாவிடா வைஃபையப் பிடுங்குனது?”

“நான்தாங்கம்மா” என்றார் இருதயநாதன் பணிவாக. பாராட்டை எதிர்பார்த்து இரண்டு படி ஏறியும் விட்டார். “பயப்படாதீங்க. இனி நீங்க விடுதலை.”

“நான் விடுதலையா? யோவ், அந்தப் புள்ளையக் கொன்னுட்டியேய்யா!”

அழகம்மாள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் நீர் வழிந்தது. மனைவி அழுது பார்த்திராத ரெங்கராஜ் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு லைனிங் துணியை எடுத்து நீட்டினார். அழகம்மாள் அதை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“எந்தப் புள்ள?” சம்ரீன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“போன்ல இருந்தானே, அந்த இன்ஸ்பெக்டர்.” அழகம்மாள் மூக்கை உறிஞ்சினார். “காலையில மும்பை போலீஸ்னு சொல்லித்தான் வந்தான். நானும் பயந்துட்டேன், இல்லேங்கல. கதவைச் சாத்துன்னான், சாத்துனேன். அந்நேரம் பெருமாள் வீதியில எழுந்தருளுறாரு. நாதஸ்வரம், மேளம், ஊர்க்காரங்க ‘ரெங்கா ரெங்கா’ன்னு கூப்பாடு. என்ன சத்தம்னு அதட்டுனான். சாமி போகுது சார்னு போனைத் தூக்கி ஜன்னல் பக்கம் காட்டினேன். திருப்பிப் பார்க்குறேன், அவன் தொப்பியக் கழட்டி மடியில வச்சிட்டு, ரெண்டு கையாலயும் மாத்தி மாத்தி கன்னத்துல போட்டுக்குறான்!”

இருதயநாதனின் கை தானாகத் தன் கன்னத்துக்குப் போய்ப் பாதியில் நின்றது.

“மும்பைக்காரன் கும்பிடலாம். இப்படிக் கன்னத்துல போட்டுக்கிட்டு ‘ரெங்கா’ன்னு உதட்டை அசைப்பானா? யாரோ நம்ம பக்கத்து வீட்டுப் புள்ளைன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. நீ எந்த ஊருப்பான்னு மெதுவா கேட்டேன். கண்ணு கலங்கிடுச்சு. வாயத் திறக்கல. பின்னால ஆள் நிக்கிதுன்னு கண்ணாலயே காட்டினான். ஆள் நகரட்டும்னு நானும் பயந்த மாதிரி சார் போட்டுக்கிட்டு, தைச்சுக்கிட்டே காத்துக்கிட்டு இருந்தேன். இந்த மனுஷன்கிட்ட சொன்னா வீதிக்கே மைக் வச்ச மாதிரி ஆயிடும்னு சொல்லல. இப்ப அவனை எங்கேன்னு போய்த் தேடுவேன்?”

சம்ரீன் எழுந்துவிட்டாள். “யா அல்லாஹ். நாதண்ணே, இது நான் சொல்லாம விட்ட கிளை. வெளிநாட்டுல கம்ப்யூட்டர் வேலைன்னு ஏஜென்ட் கூட்டிட்டுப் போவான். போய் இறங்குனதும் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கிட்டு ஒரு கட்டடத்துல அடைச்சு, சொந்த ஊர்க்காரங்களையே ஏமாத்தச் சொல்லி அடிப்பாங்க. நாம திருடன்னு நினைக்கிறவனே அங்க கைதி.”

இருதயநாதன் கையில் இன்னும் ஒயரைப் பிடித்துக்கொண்டிருந்தார். கைக்கு எட்டிய ஒரு பிள்ளையைத் தட்டிவிட்டோமே என்று நினைத்தவர், விறுவிறுவென்று இறங்கிப்போய் பிளக்கை மாட்டினார். பச்சை விளக்கு எரியும்வரை அங்கேயே குந்தி உட்கார்ந்து, மாதாவே மாதாவே என்று முணுமுணுத்தார்.

“அவங்களே கூப்பிடுவாங்க” என்றாள் சம்ரீன், அவர் மேலே வந்ததும். “காலை பூரா உட்கார வச்ச ஆளைச் சும்மா விட்டுட மாட்டாங்க. ஆனா பேசுறது பையனா இருக்கணும்னு இல்ல.”

அவள் சொல்லி முடிப்பதற்குள் போன் அடித்தது. அழகம்மாள் அறைக்குள் ஓடிப்போய் போன் முன்னால் உட்கார, சம்ரீனும் மற்ற இருவரும் பின்னாலேயே நுழைந்து கேமராவில் படாமல் சுவரோரம் ஒதுங்கினார்கள். அளவு பார்க்க வரும் பெண்களுக்கென்று வைத்திருந்த ஆளுயரக் கண்ணாடியில் போனின் திரை தெரிந்தது.

திரையில் வேறொருவன் இருந்தான். தடித்த கழுத்து, தோளில் நட்சத்திரம், வாயில் பான். “லைன் க்யோன் கட் கியா?” என்று, லைனை ஏன் துண்டித்தாய் என இந்தியில் உறுமினான்.

அழகம்மாள் ஒரு கணம் சம்ரீனைப் பார்த்தார். பிறகு மாரில் அடித்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தார். அது நடிப்பா, காலையிலிருந்து அடக்கி வைத்ததா என்று இருதயநாதனால் பிரிக்க முடியவில்லை. “கரண்ட் போச்சு சார்! நான் ஒண்ணும் பண்ணல சார்! எல்லாத்தையும் ஒத்துக்குறேன் சார், பணமும் கட்டிடறேன். ஆனா அந்தத் தமிழ் சார்கிட்டதான் சொல்லுவேன். நீங்க பேசுறது எனக்குப் புரியல சார்!”

தடித்த கழுத்துக்காரன் பக்கவாட்டில் எதையோ படித்தான். பணம் என்ற சொல் அங்கேயும் விளங்கியிருக்க வேண்டும். எழுந்து போனான்.

சம்ரீன் இருதயநாதனின் காதருகே கிசுகிசுத்தாள். “இவன்தான் அங்க கங்காணி. தமிழ் தெரியாது. நம்ம பக்கத்துப் பேச்சு மட்டும் அவன் மொழியில எழுத்தா ஓடுது, அதைப் படிச்சுக்கிட்டுப் பின்னால நிப்பான். பையன் பேச்சுல அவனுக்குத் தொனி மட்டும்தான் தெரியும். பையன் கெஞ்சினா மாட்டிக்குவான். ஊரைக் கேட்டாலும் மாட்டிக்குவான். மிரட்டினா மட்டும்தான் கங்காணி கண்டுக்க மாட்டான். மிரட்டத்தானே பிடிச்சு வச்சிருக்கான்.”

“அப்ப?”

“மிரட்டச் சொல்லுவோம்.”

வெட்டு மேஜையில் கறுப்புத் துணி விரித்துக் கிடந்தது. சம்ரீன் தையல் சாக்கட்டியை எடுத்து அதில் பெரிதாக எழுதி, அழகம்மாளுக்குத் தெரியும்படி உயர்த்திப் பிடித்தாள். ‘கூட்டாளி யாரென்று கேளுங்கள்.’

திரையில் பழைய இன்ஸ்பெக்டர் வந்து உட்கார்ந்தான். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுதான் இருக்கும். தொப்பி கோணலாக இருந்தது. இடது கன்னத்தில் விரல் பதிந்து சிவந்திருந்தது. இருதயநாதன் கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார், பிறகு திருப்பிக்கொள்ள உரிமையில்லை என்று தோன்றவே மறுபடி பார்த்தார்.

“சார்” என்றார் அழகம்மாள் கையைக் கட்டிக்கொண்டு. “நான் குத்தவாளின்னு சொல்றீங்க. எனக்கு ஒரு கூட்டாளி இருக்கானாமே. அவன் யாரு, எந்த ஊரு, எங்க ஒளிஞ்சிருக்கான்? நீங்க சொன்னாத்தானே நான் ஒத்துக்க முடியும்? அவனை எனக்கு நல்லாத் தெரியும் சார். பெருமாள் வந்தா கன்னத்துல போட்டுக்குவான்.”

பையன் அசையவில்லை. கண் இமை மட்டும் இரண்டு தடவை அடித்தது. புரியவில்லையோ என்று இருதயநாதன் கண்ணாடியை இன்னும் உற்றுப் பார்த்தார். கங்காணியின் நிழல் அவன் தோளில் விழுந்தது.

பையன் மேஜையைப் படாரென்று குத்தினான். அரைகுறைத் தமிழ் எங்கோ போய்விட்டது.

“நடிக்காத! உன் கூட்டாளி இளவரசனைத் தெரியாதா உனக்கு? உப்பிலியபுரம் இளவரசன்! பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இட்லிக்கடை வச்சிருக்கிற பாப்பாத்தி மகன்! எங்களுக்கு எல்லாம் தெரியும்! கம்போடியாவுல ஒளிஞ்சிருக்கான்! ஆத்தங்கரையில மூடிப்போன காசினோ, அதுக்குப் பின்னால நீலத் தண்ணித்தொட்டி வச்ச கட்டடம், நாலாவது மாடி! அவன் மட்டுமில்ல, கூட லால்குடிக்காரன் ரெண்டு பேரு இருக்காங்க! பாஸ்போர்ட் மூணும் அந்த மாடியில மேனேஜர் ரூமுக்குள்ள இருக்கு! உண்டா இல்லையா? சொல்லு!”

“உண்டு சார்! உண்டு சார்!” அழகம்மாள் தலையில் அடித்துக்கொண்டார்.

சாக்கட்டி பறந்தது. காசினோ, தொட்டி, மாடி என்று கறுப்புத் துணி முழுக்க வெள்ளை எழுத்து நிறைந்தது. கண்ணாடியில் கங்காணியின் கை தெரிந்தது. அது பையனின் தோளைத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது. இவ்வளவு அருமையாக மிரட்டும் பையனை வீணாக அடித்துவிட்டோமே என்று அவனுக்கே தோன்றியதோ என்னவோ. பலகுரல் மேடைகளில் எத்தனையோ கைதட்டல் வாங்கிய இருதயநாதன், இதற்குக் கைதட்ட முடியாமல் சட்டைப்பையைப் பிடித்து அழுத்திக்கொண்டு நின்றார்.

சம்ரீன் துணியை ஒரு மூலையில் துடைத்துக் கடைசியாக, ‘மீட்போம் என்று புரியவையுங்கள்’ என்று எழுதிக் காட்டினாள். அழகம்மாள் அதைப் படிக்கவே இல்லை. அவருக்கு இனி சொல்லித்தர வேண்டியதில்லை.

“சார், அந்தக் கூட்டாளியை நாங்க விடமாட்டோம். போலீஸு, கலெக்டரு, தூதரகம்னு எங்க போகணுமோ போயி, ஆளைப் பிடிச்சுக் கொண்டாந்து உப்பிலியபுரத்துல அவங்க அம்மா முன்னால நிறுத்திட்டுத்தான் எங்களுக்கு மறுவேலை. கூட இருக்கிற ரெண்டு பேரையும் சேர்த்துத்தான். இது சத்தியம். பணத்துக்கு மட்டும் நாளைக்குவரை டைம் குடுங்க சார். நாளைக்கும் நீங்களே பேசுங்க, வேற ஆளு பேசினா தரமாட்டேன்.”

பையன் தொப்பியைச் சரிசெய்துகொண்டான். தாடை இறுகியது.

“எப்போ?” என்று கத்தினான். கத்திய குரல் இன்ஸ்பெக்டருடையது.

கங்காணி நகர்ந்திருக்க வேண்டும், நிழல் விலகியது.

“எப்போ?” என்றான் மறுபடி, மெதுவாக.

ஜாக்கெட் எப்போது கிடைக்கும் என்று கேட்டு வருகிற எவளுக்கும் கண்ணிமைக்காமல் ஒரு தேதியைத் தூக்கிக் கொடுத்து, அந்தத் தேதிக்கு ஒருநாளும் கொடுத்தறியாதவர் அழகம்மாள். வெள்ளிக்கிழமை என்று சொல்ல வாய் திறந்தது. திறந்த வாய் அப்படியே நின்றது. பொய்த் தேதி ஒன்றும் வரவில்லை.

“தெரியலப்பா” என்றார். “ஆனா இப்பவே கிளம்பிட்டோம்.”

திரை அணைந்தது.

சம்ரீன் கறுப்புத் துணியைப் படமெடுத்துவிட்டு, சைபர் குற்ற உதவி எண்ணை அழுத்தினாள். “புகார் ஒண்ணு கொடுக்கணும் சார். மூணு பேரை வெளிநாட்டுல அடைச்சு வச்சிருக்காங்க. ஆமா சார், அட்ரஸ் இருக்கு” என்று பேச ஆரம்பித்தாள். ரெங்கராஜ் கடை ஷட்டரை இறக்கப் போனார்.

இருதயநாதன் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்.

“எங்கண்ணே?” என்று போனைப் பொத்திக்கொண்டு கேட்டாள் சம்ரீன்.

“உப்பிலியபுரத்துக்கு. பாப்பாத்தியம்மாகிட்ட புள்ள உசுரோட இருக்கான்னு யாராவது சொல்லணுமே மேடம்” என்றார் அவர். அதைச் சொன்ன குரலில் வேடிக்கை கலந்திருக்கவில்லை.